தலைக்குப் பின்னால் வந்த பந்து

டேட்டன், ஒஹாயோ
1977 பிப்ரவரி 3

திரு. ஆர்லன் டீட்ஸ் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்கும் என்று எண்ணுகிறேன். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை இத்துடன் நிறுத்திவிடலாம்.

போன வாரம் உங்கள் மாநிலத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். விளையாட்டு மன்றத்துக்காரர். 1954-இல் பேஸ்பால் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த பந்து வீச்சாளர் என்று மன்றத்துச் சுவரில் உங்கள் பெயரைப் பொறிக்கப் போகிறார்களாம். மூன்று முறை உங்கள் பெயரை எடுத்தும், மூன்று முறையும் யாராவது ஒருவர் என் பெயரைச் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டாராம். நான் இரண்டு வரி எழுதித் தந்தால் போதும் என்றார். ‘அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அது ஆட்டத்தில் நடந்த விபத்து.’ வாசகத்தையும் அவரே சொல்லிவிட்டார். எழுதிக்கொள்ளும் வேலை மட்டும்தான் எனக்கு மிச்சம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். என் மனைவி வெர்னிஸ் பக்கத்திலேயே நின்றிருந்தாள். “இருபத்தொரு வருஷமா இருக்கியா செத்தியான்னு ஒரு வார்த்த கேக்கல அந்த மனுசன். இப்ப அவருக்கு மேடை போட உங்க கையெழுத்து வேணுமாக்கும்” என்றாள்.

எனக்கு நாற்பத்தேழு வயது. இங்கே பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். இந்தக் குளிரில் பாதி பஸ்கள் ஓடவில்லை. ஆள் வராத கவுண்டரில் உட்கார்ந்து யோசிக்க நேரம் நிறையக் கிடைத்தது. அந்த இரண்டு வரியை எழுதுவதற்கு முன் ஒன்று கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

1955 ஜூலை 16, சனிக்கிழமை. ஆறாவது சுற்று. அந்தச் சுற்றில் எனக்கு நீங்கள் வீசிய முதல் பந்து. கை நழுவித்தான் வந்ததா?

பதினோரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நான் பார்த்தே இராத ஆட்கள்கூட வந்தார்கள். நீங்கள் வரவில்லை. அது ஏன் என்றும் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
லூசியஸ் ப்ரூட்


ஹார்லோ, அயோவா
பிப்ரவரி 20

திரு. ப்ரூட் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. எனக்கு எழுத வராது. என் மனைவி மார்லிஸ் இருந்தவரை வீட்டில் எழுத்து வேலையெல்லாம் அவளுடையது. அவள் போய் நான்கு வருடமாகிறது.

முதலில் ஒன்று. மன்றத்தாரை உங்களிடம் நான் அனுப்பவில்லை. எல்லாம் என் மகள் ஜோனெல் செய்த வேலை. அப்பன் பெயர் எங்காவது ஒரு இடத்தில் கல்லில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஊர் எல்லையில் ஏற்கெனவே ஒரு பலகை இருக்கிறது. ‘சாம்பியன் ஆர்லன் டீட்ஸின் ஊர் உங்களை வரவேற்கிறது.’ வெயிலில் வெளுத்துப்போய், ‘டீட்ஸின் ஊர்’ மட்டும்தான் தெரிகிறது. அது போதாதா என்றேன். அவள் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அன்றைக்குக் கடும் வெயில். கையெல்லாம் வியர்வை. பந்து நழுவிவிட்டது. அன்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சொந்தக்காரர்களைத் தவிர யாரையும் விட முடியாது என்று ஒரு நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டாள்.

என் ஆட்டமும் அதற்குப் பிறகு நிறைய நாள் ஓடவில்லை. அடுத்த வருடமே தோள் போய்விட்டது. ஐம்பத்தெட்டில் ஊருக்குத் திரும்பினேன். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறேன். மழை இல்லை. இந்த வருடம் எடை போடவும் ஒன்றும் இருக்காது போலிருக்கிறது.

எழுதிக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். நான் கேட்க மாட்டேன்.

ஆர்லன் டீட்ஸ்


டேட்டன்
மார்ச் 2

திரு. டீட்ஸ் அவர்களுக்கு,

பதில் போட்டதற்கு நன்றி. போட மாட்டீர்கள் என்று வெர்னிஸ் பந்தயம் கட்டியிருந்தாள். தோற்றுவிட்டாள்.

அந்த இரண்டு வரியை எழுதிவிட்டேன். உறையில் போட்டு ஒட்டி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தபாலில் சேர்க்கவில்லை.

காரணம் இது. வியர்வையில் நழுவிய பந்து எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது தள்ளாடிக்கொண்டு வரும். பாதி வேகம் கையிலேயே நின்றுவிடும். அன்று வந்த பந்தை நான் பார்த்தேன். இடது கண்ணால் நான் கடைசியாகப் பார்த்தது அதுதான், ஆகவே நன்றாக நினைவிருக்கிறது. தையல் சுத்தமாகச் சுழன்றது. முழு வேகம். உங்கள் பந்துகளிலேயே நல்ல பந்து அது.

ஒரு கண் போனால் என்ன ஆகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவேன். படிக்கட்டில் இல்லாத படியை மிதிப்பேன். அதெல்லாம் இரண்டு மூன்று வருடத்தில் பழகிவிட்டது. பழகாத ஒன்றைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

அமோஸ் என்று எனக்கு ஒரு அண்ணன். எனக்கு முன்னால் ஆடியவன், என்னைவிட நன்றாக ஆடியவன். கருப்பர்களுக்குத் தனி அணிகள் இருந்த காலத்தில், எந்த ஊரிலும் ஓட்டலில் இடம் தராததால் பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே சாப்பிட்டு, பன்னிரண்டு வருடம் ஆடினான். பெரிய அணிகளின் கதவு திறந்தபோது அவனுக்கு வயது போய்விட்டது. அந்தக் கதவு வழியாக நான் உள்ளே போனேன். ஆஸ்பத்திரியில் என் கட்டுப் பிரித்த அன்று அவன் என் படுக்கையருகில் உட்கார்ந்து சொன்னது இது: “எத்தன பேரு காத்துக் கெடந்து ஒனக்குக் கெடச்ச எடம்டா அது. நழுவி வந்த ஒரு பந்துக்குத் தலையக் குனியத் தெரியலயே ஒனக்கு.”

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவன் உப்பை என் பக்கம் நகர்த்துவதில்கூட அது இருக்கிறது.

நானும் அதை நம்பினேன், டீட்ஸ். நழுவிய பந்து மெதுவாகத்தான் வந்திருக்கும், விலக நேரம் இருந்திருக்கும், நான்தான் மரம் மாதிரி நின்றுவிட்டேன் என்று. ஆனால் கண் பார்த்தது வேறு. என் கண்ணை நம்புவதா, உங்கள் வார்த்தையை நம்புவதா என்று தெரியாமல் ஒரு மனிதன் எத்தனை வருடம்தான் இருப்பான்?

திரும்பவும் கேட்கிறேன். சண்டை போடும் வயதும் தெம்பும் எனக்கு இல்லை. சொல்லுங்கள்.

லூசியஸ் ப்ரூட்


ஹார்லோ
ஏப்ரல் 17

திரு. ப்ரூட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. நான்கு முறை எழுதி நான்கையும் அடுப்பில் போட்டேன். இதை எழுதியதும் திரும்பப் படிக்காமல் தபாலில் போடப் போகிறேன்.

பந்து நழுவவில்லை.

ஐம்பத்து நாலில் நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் இருபத்தோரு ஆட்டம் வென்றேன். அக்டோபரில் பட்டத்துக்கான ஏழாவது ஆட்டம், ஒன்றுக்குப் பூஜ்யம். என் சொந்த ஊரில் எனக்கு ஒரு கார் பரிசளித்தார்கள். பால் விளம்பரத்தில் என் முகம் வந்தது. இருபத்தேழு வயது. என்னைத் தொட ஆள் இல்லை என்று நினைத்தேன்.

அடுத்த ஜூலையில் நீங்கள் வந்தீர்கள். அன்று முதல் முறை மட்டை பிடித்தபோது வேலிக்கு வெளியே அடித்தீர்கள். அடுத்த முறை அடித்துவிட்டு இரண்டாவது பேஸ் வரை ஓடினீர்கள். அங்கே நின்று காற்சட்டையில் தூசி தட்டினீர்கள். என் பக்கம் பார்க்கவே இல்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆறாவது சுற்றுக்கு முன்னால் எங்கள் மேனேஜர் ஸ்ட்ராடர் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அவன் ஒன் பந்த வீட்டுச் சாப்பாடு மாதிரி திங்கிறான்டா. காதுக்குப் பின்னால ஒண்ணு போடு. அப்புறம் பந்து வர்ற வழிய ஒட்டி எப்படி நிக்கிறான்னு பாப்போம்” என்றார். ‘அவன்’ என்று அவர் சொல்லவில்லை. வேறு வார்த்தை சொன்னார். எங்கள் பெஞ்சில் தண்ணீர் கேட்பது மாதிரி சாதாரணமாகப் புழங்கிய வார்த்தை. நானும் சொல்லியிருக்கிறேன்.

ஸ்ட்ராடர் செத்துப் பதினைந்து வருடமாகிறது. பழியை அவர்மேல் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அவர் சொல்லாமல் இருந்தாலும் நான் போட்டிருப்பேன். அதுதான் உண்மை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முகத்துக்கு நேரே வரும் பந்திலிருந்து யாரும் விலகிவிடுவார்கள். தலையை வெடுக்கென்று பின்னால் இழுப்பார்கள், பந்து முன்னால் போய்விடும். அது வெறும் மிரட்டல். தலைக்குப் பின்னால் போடுவது வேறு. மட்டை பிடித்தவன் வழக்கம்போலப் பின்னால் இழுப்பான், இழுத்து நேரே பந்துக்குள் போவான். எவ்வளவு வேகமாக விலகுகிறானோ அவ்வளவு சரியாகப் போய் மாட்டுவான். பந்து வீசுகிற எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நீங்கள் மரம் மாதிரி நிற்கவில்லை. நான் பார்த்ததிலேயே வேகமாக விலகிய ஆள் நீங்கள்தான். அதனால்தான் பட்டது.

பட்டபோது கேட்ட சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன். அது உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

அந்த ஆட்டத்தை நான்தான் வென்றேன். பதிவுப் புத்தகத்தில் என் பெயரில் இருக்கிறது.

என் தோளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுவும் பொய். அடுத்த வருடம் பந்து வீசும் மேட்டில் ஏறினால், மட்டை பிடித்தவனுக்குப் பக்கத்தில் போட வேண்டிய பந்தைக் கை தானாகவே தள்ளிப் போட்டது. எவ்வளவு முயன்றும் முடியவில்லை. மட்டை பிடிப்பவர்கள் முட்டாள்களா? இரண்டே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பயமில்லாமல் நெருங்கி நின்று அடித்தார்கள். நாலு வெற்றி, பதினோரு தோல்வி. டாக்டரிடம் தோள் வலி என்றேன். அவரும் தடவிப் பார்த்து ஆமாம் என்றார்.

நர்ஸ் என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே காரை நிறுத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

மார்லிஸிடம்கூடச் சொன்னதில்லை.

ஆர்லன் டீட்ஸ்


டேட்டன்
ஏப்ரல் 23

டீட்ஸ்,

உன் கடிதத்தைக் கவுண்டரில் வைத்துப் படித்தேன். வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. எனக்கு முன்னால் ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு நின்று சின்சினாட்டிக்கு டிக்கெட் கேட்டாள். மூன்று முறை கேட்டிருக்கிறாள். “சார், ஒடம்பு சரியில்லயா?” என்று கேட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

இருபத்தொரு வருடம் இதை வைத்துக்கொண்டு சாப்பிட்டாய், தூங்கினாய், மகளை வளர்த்தாய். ஒரு அஞ்சலட்டை போதுமே. ‘நழுவவில்லை’ என்று ஒரே ஒரு வார்த்தை. என் அப்பா 1963-இல் செத்தார். தன் மகன் மந்தமானவன் என்று நினைத்துக்கொண்டே செத்தார். அவருக்கு அந்த அஞ்சலட்டையைப் படித்துக் காட்டியிருப்பேன்.

நான் தூசி தட்டியதைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் ஏன் உன்னைப் பார்க்கவில்லை தெரியுமா? பார்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக்காரன் பந்தை அடித்தால் அவன் முகத்தைப் பார்க்காதே, சிரிக்காதே, குனிந்து ஓடு. அப்படியே செய்தேன். அதுதான் உனக்கு எரிந்ததா?

அந்த இரண்டு வரியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மன்றத்தாருக்கு என்னிடமிருந்து ஒன்றும் வராது. நீயும் இனி எழுதாதே.

ப்ரூட்


ஹார்லோ
ஜூன் 12

திரு. ப்ரூட் அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரிதான்.

மன்றத்துக்கு நானே நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். முழுக்கக் கேட்டார்கள். கேட்டுவிட்டுத் தலைவர் என் தோளில் தட்டி, “அட, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதானே. ஆட்டம்னா அப்படித்தான்” என்றார். இன்னொருவர், “சொல்லாம இருந்தா அடுத்த மாசமே முடிச்சிருப்போம். பரவால்ல, இதுவும் நேர்மைதான். அதையும் சேத்தே எழுதிடலாம்” என்றார். நேர்மைக்கும் சேர்த்துக் கல்லில் எழுதுவார்களாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரனிடமும் சொன்னேன். போட்டுவிட்டான். ஊர் என்னை அடிக்க வரும் என்று நினைத்தேன். கிடங்கில் என்னோடு வேலை செய்யும் டெல்மர் காபியை நீட்டி, “ஏ ஆர்லன், ஒட்டி நின்னா போடத்தானே செய்வாங்க. நீ என்னத்துக்குப் பொம்பளப் பிள்ள மாதிரி அழுவுற?” என்றான். லாரிக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். கோபப்பட்டவள் ஜோனெல் மட்டும்தான். அவள் கோபமும் வேறு மாதிரி. “அப்பா, இத இப்ப யாரு கேட்டா ஒங்கள? என் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல யாரு பேரச் சொல்லுவாங்க?” என்று கத்திவிட்டுப் போனாள். மூன்று வாரமாக வீட்டுப் பக்கம் வரவில்லை.

அது தப்பு என்று என்னிடம் இதுவரை சொன்னவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். உங்கள் கடிதத்தை வைத்திருக்கிறேன். அவ்வப்போது எடுத்துப் படிக்கிறேன்.

முகத்தைப் பார்க்காதே என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று எழுத ஆசை. ஆனால் அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. ஆகவே எழுதவில்லை.

பதில் வேண்டாம்.

ஆர்லன் டீட்ஸ்


டேட்டன்
ஜூலை 9

திரு. டீட்ஸ்,

கிழிக்கவில்லை. உறை பிரிக்கப்படாமல் பத்து நாள் கிடந்தது. வெர்னிஸ்தான் பிரித்தாள். அதோடு உங்கள் ஏப்ரல் கடிதத்தையும் என் வேலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டாள். பிறகு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, “இத எங்கிட்ட ரெண்டு மாசமா மறச்சீங்களே, அந்த ஆளு இருபத்தொரு வருஷம் மறச்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்றாள்.

உங்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்ததை எங்கள் ஊர்ப் பத்திரிகையும் போட்டுவிட்டது. மூன்று வருடமாக என்னிடம் டிக்கெட் வாங்கும் ஒருவர் கவுண்டர் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, “நீங்க அந்த ப்ரூட்டா? எங்கப்பா ஒங்க ஆட்டம் பாக்க அம்பது மைல் போவாரு” என்றார். நான் மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

நான் எழுதுவது அதற்காக அல்ல. அமோஸுக்கு அந்தச் செய்தியைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவனுக்கு இப்போது அறுபத்திரண்டு. இரும்பு வார்க்கும் ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்து நுரையீரல் போய்விட்டது. நான்கு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். கேட்டுவிட்டு, “பேப்பர்ல ஆயிரம் எழுதுவான். எழுதினவன் பந்து போட்டானா? போட்டவன் வாயால சொல்லட்டும்” என்று வைத்துவிட்டான்.

ஆகவே கேட்கிறேன். வந்து அவனிடம் சொல்வீர்களா? ஆகஸ்ட் இருபதாம் தேதி அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வரப் போகிறோம்.

மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வர வேண்டாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. கடிதத்தில் சொன்னதை ஒரு மனிதனின் முகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வர முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

லூசியஸ் ப்ரூட்


ஹார்லோ
ஜூலை 18

திரு. ப்ரூட் அவர்களுக்கு,

வருகிறேன். பஸ்ஸில் வருகிறேன். பத்தொன்பதாம் தேதி கிளம்பினால் இருபதாம் தேதி பகலுக்குள் டேட்டன் வந்துவிடலாம் என்கிறார்கள். சோளம் காய்ந்துவிட்டதால் கிடங்கில் என்னைத் தேட ஆள் இல்லை.

எடை மேடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, உங்கள் அண்ணனிடம் என்ன சொல்வது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. கேட்டுக்கொண்டே வந்த டெல்மர், “யாருகிட்டடா பேசுற, லாரிகிட்டயா?” என்றான். ஐம்பத்து நாலில் அறுபதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தபோது அடுத்த பந்தை எங்கே போடுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது அடுத்த வரி தெரியவில்லை.

போகப் போகிறேன் என்று ஜோனெலுக்குச் சொன்னேன். போனிலேயே, “நல்ல சட்ட இருக்கா ஒங்ககிட்ட?” என்று கேட்டாள். நேற்று வந்து இரண்டு சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் போனாள்.

தங்க இடம் நானே பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

ஆர்லன் டீட்ஸ்


டேட்டன்
ஆகஸ்ட் 30

திரு. டீட்ஸ் அவர்களுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று வெர்னிஸ் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் அவளைப் பற்றி. எங்கள் சமையலறையில் நீங்கள் எழுந்து நின்று, அந்தப் பந்தை வீசிய விதத்தைக் கையை ஓங்கிக் காட்டியபோது அவள் வெளியே போய்விட்டாள். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளால் பார்க்க முடியவில்லை. போகும்போது உங்கள் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாளே, அது கோழி வறுவல். வழியில் சாப்பிட்டீர்களா, இல்லை அப்படியே ஊருக்குக் கொண்டு போனீர்களா என்று கேட்கச் சொன்னாள்.

நீங்கள் இருந்தவரை அமோஸ் ஒன்றும் சொல்லவில்லை என்று உங்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். “திரும்பக் காட்டு” என்று மூன்று முறை சொன்னதைத் தவிர அவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ஏமாற்றம்தான். உங்களை பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோதும் அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். டிவியைப் போடவா என்றேன். வேண்டாம் என்றான்.

மறுநாள் அவனை அவன் வீட்டில் விட காரில் போனோம். வெர்னிஸ் ஓட்டினாள். அமோஸ் முன்னால், நான் பின்னால். பாதி வழியில், ஒரு பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது, அவன் திரும்பாமலே சொன்னான்: “நானா இருந்தாலும் அந்தப் பந்துக்குள்ளதான்டா போயிருப்பேன்.” மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் நிறுத்தினான். “எவனா இருந்தாலும்.”

அவ்வளவுதான். இறக்கிவிடும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான். நான் பன்னிரண்டு வயதுப் பையன் மாதிரி நின்றேன். திரும்பி வரும்போது வெர்னிஸ் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. எனக்காக அல்ல, அவளுக்காக என்று சொல்லிக்கொண்டாள்.

சுவரில் பெயர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அது உங்கள் முடிவு, நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஐம்பத்து நாலின் ஏழாவது ஆட்டத்தை நான் ரேடியோவில் கேட்டவன். என் வாழ்க்கையில் கேட்டதிலேயே நல்ல பந்து வீச்சு அது. அதற்கு அடுத்த வருடம் நீங்கள் செய்ததால் அது கெட்ட ஆட்டம் ஆகிவிடாது. அது நல்ல ஆட்டம் என்பதால் அடுத்த வருடம் செய்தது இல்லை என்றும் ஆகிவிடாது. இரண்டும் உங்களுடையவை. நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

மன்னிப்பை நீங்கள் கேட்கவில்லை. இங்கே வந்தபோதும் கேட்கவில்லை, கவனித்தேன். கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன். கேட்காததால் அந்தக் கேள்விக்கு இப்போதைக்கு என்னிடம் பதில் இல்லை. நம் இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. சில கேள்விகள் அப்படியே கிடந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. தபால் பதினோரு மணிக்கு வரும். எழுதுவதானால் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுங்கள். மிச்சமிருக்கும் கண்ணும் சாயங்காலமானால் சோர்ந்துவிடுகிறது.

லூசியஸ்